உணவு நிலத்தில் விறகு வளர்க்கப் பொதுப்பணம் வேண்டாம்

தேயிலை, இறப்பர், தெங்குக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிராகச் சீமைக்கிளுவையை 2005-ஆம் ஆண்டு இலங்கை அரசு அறிவித்தது. வேலிக் கதியாலாக நின்ற மரம், எரித்து மின்சாரம் எடுக்கும் பயிராக உயர்ந்தது. அந்த மின்சாரத்துக்கு இலங்கை மின்சார சபை தனி விலை கொடுத்தது. 2010களின் முற்பகுதியில், நட்டு வளர்த்த விறகில் பெறும் மின்சாரத்துக்கு ஓர் அலகுக்கு 20 ரூபாவுக்கு மேல்; உமி போன்ற விவசாயக் கழிவில் பெறுவதற்கு அதைவிடக் குறைவு. நட்டு வளர்ப்பதற்குச் செலவு கூடுதல் என்பதே சொல்லப்பட்ட காரணம். நெல் ஆலை முற்றத்தில் குவிந்து கிடக்கும் உமியை விட்டு, புதிதாக நிலம் கேட்கும் பயிருக்கே மக்கள் பணம் கூடுதலாகப் போனது. இந்த முன்னுரிமை தவறானது என்பதே எமது நிலைப்பாடு.

உள்நாட்டு எரிபொருள் என்ற வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. 2022-இல் அறுவடை இயந்திரத்துக்கு டீசல் தேடிக் கலனோடு வரிசையில் நின்ற விவசாயிக்கு அதன் பெறுமதி தெரியும். ஆனால் அதே ஆண்டில் இந்த நாடு அரிசிக்கும் வெளியே கையேந்தியது. 2021-இன் இரசாயன உரத்தடை அடுத்து வந்த பெரும்போக விளைச்சலை வீழ்த்தியது. கொழும்பில் ஒரே நாளில் எடுக்கப்படும் விவசாய முடிவுக்கு வயலில் எவ்வளவு காலம் விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை நாம் அனுபவித்து அறிந்திருக்கிறோம்.

மரத்தோடு எமக்குப் பகையில்லை. சீமைக்கிளுவையின் இலை நல்ல தழைப்பசளை, ஆட்டுக்கும் தீவனம். தென்னைக்கு இடையிலும் வேலியோரத்திலும் வளரும் மரத்தின் கொப்பை ஒரு குடும்பம் வெட்டி விற்பதில் யாருக்கும் நட்டமில்லை. பெருந்தோட்டமாக அது இறங்கும் இடம் எது என்பதே கேள்வி. தரிசு, பற்றைக்காடு, கைவிடப்பட்ட சேனை என்றே திட்டங்கள் பதில் சொல்கின்றன. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், அப்படிச் சும்மா கிடக்கும் நிலம் எது? அறுவடை முடிந்த வட்டையில் மாடுகள் மேய்கின்றன. விதைப்புக்கு முன் அவற்றை எந்தத் திகதியில் அப்புறப்படுத்துவது என்பதைப் போக ஆரம்பக் கூட்டத்தில் பேசித் தீர்மானிக்கிறார்கள். அங்கிருந்து வெளியேறும் மந்தை போய்ச்சேரும் இடமே பற்றைக்காடும் மேய்ச்சல் தரையும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரை தம் கைவிட்டுப் போவதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அந்தப் பிணக்குக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பில்லை. ஆயினும் மாடு மேயும் நிலத்தை ஆளில்லா நிலமாகக் கணக்கிட்டால் என்ன நேரும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எரிபொருள் பயிரில் பிற நாடுகளின் அனுபவமும் பாடமாக இருக்கிறது. இந்தியாவில் 2003-இல் திட்ட ஆணைக்குழு காட்டாமணக்கு எண்ணெயை நம்பி டீசலில் 20 சதவீதம் கலப்பதை இலக்காக வைத்தது. தமிழ்நாட்டிலும் மானியத்தோடு நடப்பட்டது. எதிர்பார்த்த விளைச்சல் வரவில்லை. விவசாயிகள் பலர் பிடுங்கி எறிந்தார்கள். அமெரிக்கா எத்தனோலுக்குக் கொடுத்த வரிச்சலுகையை 2011 முடிவில் நிறுத்தியது. ஆனால் அதைப் பெற்றோலில் கலக்கவேண்டும் என்ற கட்டாயத்தை வைத்துக்கொண்டது. இன்றும் அந்நாட்டுச் சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனோல் ஆலைக்கே போகிறது. ஆகவே காசை மட்டும் நிறுத்துவது போதாது. அரசே உண்டாக்கிக் கொடுக்கும் சந்தையும் கேள்விக்குள்ளாக வேண்டும்.

நெல்லோ மேய்ச்சலோ நடக்கும் நிலத்தில் எரிபொருளுக்கென்று நடப்படும் எந்தப் பயிருக்கும் இனி மானியமோ மேலதிக விலையோ வழங்கக்கூடாது. கையொப்பமிட்ட ஒப்பந்தங்களை அவற்றின் காலம் முடியும்வரை மதிக்கவேண்டும். அரசின் வாக்கை நம்பி நட்டவரைத் தண்டிப்பது நீதியல்ல. புதியவை வேண்டாம். உமியும் எஞ்சும் வைக்கோலும் வேறு விடயம். வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டே வாழைச்சேனைக் காகித ஆலை ஒருகாலத்தில் இயங்கியது. ஆனால் இந்தக் கழிவிலும் மாட்டுக்கும் மண்ணுக்கும் போக மிஞ்சுவதையே கணக்கில் எடுக்கவேண்டும்.

இதற்குப் பொறுப்புச் சொல்ல வேண்டியவர்கள் வலுசக்தி அமைச்சும் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையும். மட்டக்களப்பு மாவட்டத்தில் இதுவரை எந்தக் காணி, யாருக்கு, எந்த நிபந்தனையில் எரிபொருள் பயிருக்கென ஒதுக்கப்பட்டது என்ற பட்டியலை அவர்கள் வெளியிடவேண்டும். அதைப் பெரும்போக ஆரம்பக் கூட்டங்களில், விவசாயிகளும் பண்ணையாளர்களும் இருக்கும் சபையில், தமிழில் வாசிக்கவேண்டும். அங்கு எழும் ஆட்சேபம் தீரும்வரை ஓர் ஏக்கரும் கைமாறக்கூடாது.