மியூசியத்தில் எலி!

மியூசியம்னாலே படிச்சவங்க போற இடம்னு நினைச்சு, பிள்ளைகளை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்தவள் நான். ஜான் கினார்ட் என்பவரைப் பற்றிப் படித்ததும் அந்தக் கூச்சம் போயிற்று.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் அனகோஸ்டியா என்று ஒரு பகுதி. அங்கே பெரும்பாலும் கறுப்பின மக்கள். நகர் நடுவே இருந்த பெரிய மியூசியங்களுக்கு அவர்கள் போவது அபூர்வம். அதனால் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1967-ல் அவர்கள் பேட்டையிலேயே, ஒரு பழைய சினிமா தியேட்டரில், மியூசியம் திறந்தது. பொறுப்பேற்ற கினார்டுக்கு வயது 30. மியூசிய அனுபவம் கிடையாது. ஆனால் ஜனங்களை நன்றாகத் தெரியும்.

படமும் சிற்பமும்தானே வைத்திருப்பார் என்கிறீர்களா? அதுவும் உண்டு. ஆனால் 1969-ல் அவர் வைத்தது எலிக் கண்காட்சி! அதுவும் உயிருள்ள எலிகளோடு! அந்தப் பகுதி வீடுகளில் அவ்வளவு எலித் தொல்லை. எலி ஏன் வருகிறது, என்ன நோய் தருகிறது, எப்படி ஒழிப்பது என்று ஜனங்கள் வந்து பார்த்தார்கள். நம்ம அடுப்படிக் கவலைக்கும் மியூசியத்தில் இடம் கொடுத்த மனுஷர்!

1987-ல் மியூசியத்துக்குப் புதுக் கட்டடம் வந்தது. 1989-ல் காலமாகும்வரை அவர்தான் இயக்குநர்.

அடுத்த லீவுக்குப் பிள்ளைகளோடு நானும் உள்ளே போகப் போகிறேன். நீங்களும் வாசலோடு நின்றுவிடாதீர்கள், சகோதரிகளே!