எத்தனை கம்பெனி மாறினாய்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானில் சித்தி வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். சாப்பாடு முடிந்தது. கூடத்தில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்த பெரிய மாமா, வழக்கம்போல் பிள்ளைகளை ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு வந்தார். சித்தி மகனின் முறை வந்தது. அவனுக்கு வயது 31. கணினித் துறையில் வேலை.

“இப்ப எங்கடா வேலை?”

அவன் கம்பெனி பெயரைச் சொன்னான்.

“அப்ப இது நாலாவதா? நான் ஒரே இடத்துல 32 வருஷம் இருந்தேன். நீ எப்பத்தான்டா ஒரு இடத்துல உட்காருவே?”

நான் வானொலிக்காரி. வாயைத் திறந்தால் நாலு பேர் சிரிக்க வேண்டும் என்பது எனக்குப் பழக்கதோஷம். “விடுங்க மாமா, இவன் கழுத்துல மாட்டின ஆபிஸ் அட்டைங்களைச் சேர்த்து வச்சாலே ஒரு கண்காட்சி போடலாம்” என்றேன். கூடமே சிரித்தது. அவனும் சிரித்தான்.

இரவு காரடி வரை என்னை வழியனுப்ப வந்தான். கதவைத் திறக்கும்போது மெதுவாகச் சொன்னான். “அக்கா, இந்த வேலையும் மாசக் கடைசியோட முடியுது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கல. அம்மாகிட்ட இன்னும் சொல்லல.”

கூட்டரசு நெடுஞ்சாலையில் வீடு வந்து சேரும்வரை நான் வானொலியைத் திறக்கவே இல்லை.

என் வீட்டுக்காரர் கூடைப்பந்துப் பைத்தியம். அமெரிக்காவின் என்பிஏ ஆட்டங்கள் நமக்குக் காலையில்தான் வரும். பசியாறும் நேரத்தில் எங்கள் வீட்டில் செய்தி ஓடாது, பந்துதான் ஓடும். நானோ இடைநிலைப்பள்ளியில் வலைப்பந்து ஆடியதோடு சரி. தம்பியின் கதையைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “நாலு கம்பெனிதானா? இஷ் ஸ்மித் எத்தனைன்னு தெரியுமா? பதிமூணு!”

யார் இந்த இஷ் ஸ்மித்? ஒரு வாரமாக இவரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1988ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சார்லட் நகரில் பிறந்தவர். உயரம் 6 அடி. நம் வீட்டில் அது நல்ல உயரம். என்பிஏவில் அது குள்ளம். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆடி முடித்து, 2010ல் தொழில்முறை ஆட்டக்காரராகக் காத்திருந்தார். ஒவ்வோர் ஆண்டும் என்பிஏ அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஒரு நாள் உண்டு. அந்த ஆண்டு 60 பெயர்கள் அழைக்கப்பட்டன. அவருடைய பெயர் அதில் இல்லை.

ஆனாலும் ஹூஸ்டன் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. முதல் பருவம் முடிவதற்குள்ளேயே மெம்பிஸ் அணிக்கு மாற்றிவிட்டது. ‘மாற்றியது’ என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என்பிஏவில் ஓர் அணி தன் ஆட்டக்காரரை இன்னோர் அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு வேறொருவரை வாங்கிக்கொள்ளலாம். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர, மற்றவர்களிடம் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. காலையில் ஓர் ஊரில் பயிற்சி செய்தவர், மறுநாள் வேறொரு ஊரில் வேறொரு சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பார். வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் அவரவர் பாடு.

ஹூஸ்டன், மெம்பிஸ், கோல்டன் ஸ்டேட், ஒர்லாண்டோ, மில்வாக்கி, ஃபீனிக்ஸ், ஓக்லஹாமா சிட்டி, பிலடெல்பியா, நியூ ஓர்லியன்ஸ். முதல் ஆறு பருவங்களில் இத்தனை ஊர். எண்ணிப் பாருங்கள், ஒன்பது! பெரிய மாமா இருந்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார்.

இதில் எனக்குப் பிடித்த கட்டம் 2015 டிசம்பர் 24. கிறிஸ்மஸுக்கு முதல் நாள். நியூ ஓர்லியன்ஸ் அணி அவரைப் பிலடெல்பியாவுக்குக் கொடுக்கிறது. அந்த நேரத்தில் பிலடெல்பியாவின் நிலவரம் என்ன தெரியுமா? 31 ஆட்டங்களில் 1 வெற்றி, 30 தோல்வி. ஊரே கேலி செய்த அணி. அதற்கு முந்தைய பருவத்தில் ஸ்மித் ஆடிவிட்டுப் போன அதே அணி. ‘பந்தை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் ஆள் வேண்டும்’ என்று அவரையே திரும்ப வாங்கியது.

அவர் வந்து ஆடிய முதல் ஆட்டம் டிசம்பர் 26. அன்று பிலடெல்பியா ஜெயித்தது.

அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது என்று சொன்னால் அது சினிமா. அப்படி நடக்கவில்லை. எஞ்சிய 51 ஆட்டங்களில் 9 வெற்றிதான். மொத்தத்தில் 10 வெற்றி, 72 தோல்வி என்ற கணக்கோடு அந்த அணி பருவத்தை முடித்தது. ஆனால் தோற்றுக்கொண்டிருந்த அந்த அணியில் ஸ்மித் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய 15 புள்ளிகள் எடுத்தார். அவர் தந்த பந்தால் கூட்டாளிகள் போட்ட கூடைகள் சராசரியாக ஏழு. இதை மற்ற அணிகள் கவனித்தன. 2016ல் டெட்ராய்ட் அணி 3 ஆண்டுக்கு 18 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. 3 பருவமும் அங்கேயே ஆடினார். ஓர் இடத்தில் அவர் அதிக காலம் இருந்தது அதுதான்.

பிறகு வாஷிங்டன். 2021ல், 33 வயதில், பிறந்த ஊரான சார்லட்டின் அணி. அடுத்த பிப்ரவரியில் மறுபடியும் வாஷிங்டன். அங்கிருந்து டென்வர். 2022ல் டென்வர் சட்டையோடு களமிறங்கியபோது அது அவருடைய 13வது அணி. என்பிஏ வரலாற்றில் வேறு யாரும் அத்தனை அணிகளில் ஆடியதில்லை. அதற்கு முன் 12 அணிகள் என்பதுதான் சாதனை. அதை நான்கு பேர் பகிர்ந்து வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜோ ஸ்மித். அவர் 1995ல் முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்! முதல் பெயராக அழைக்கப்பட்டவரும் 12 ஊர் சுற்றியிருக்கிறார், அழைக்கப்படாதவரும் 13 ஊர் சுற்றியிருக்கிறார்.

2023 ஜூன் மாதம் டென்வர் அணி மயாமியை 4-1 என்று வீழ்த்தி, தன் வரலாற்றில் முதல்முறையாக என்பிஏ பட்டத்தை வென்றது. அந்தக் கட்டத்தில் ஸ்மித் பெரும்பாலும் களத்துக்கு வெளியே இருக்கையில்தான் இருந்தார். ஆனாலும் வென்ற அணியில் அவரும் ஒருவர். அடுத்த பருவத்தில் சார்லட் அணி அவரை மறுபடி அழைத்துக்கொண்டது. மொத்தம் 14 பருவங்கள்.

இவ்வளவையும் படித்த பிறகு எனக்கு ஒரு கேள்வி வந்தது. இவரைவிட உயரமானவர்கள், தூரத்திலிருந்து நன்றாகக் கூடை போடுகிறவர்கள் எத்தனையோ பேர் இரண்டு, மூன்று பருவங்களில் காணாமல் போயிருக்கிறார்கள். இவரை மட்டும் ஏன் மறுபடி மறுபடி அழைத்தார்கள்?

வீட்டுக்காரர்தான் விளக்கினார். ஸ்மித் ஆடியது பாயிண்ட் கார்ட் என்ற இடம். பந்தை எடுத்துக்கொண்டு போய், யார் எங்கே ஓட வேண்டும் என்று மற்ற நால்வருக்கும் சொல்கிற வேலை. ஒரே மாதிரியான ஆட்ட முறைக்கு ஒவ்வோர் அணியிலும் ஒரு பெயர், ஒரு சைகை. புதிதாக வருகிறவர் அதையெல்லாம் சில நாளில் படித்துக்கொண்டு, தன்னைவிட அதிகச் சம்பளம் வாங்கும் நட்சத்திரங்களை நடத்த வேண்டும். ஒரு குடும்பத்துக்கு மருமகளாக வந்த மூன்றாம் நாளே கல்யாணச் சமையலுக்குப் பொறுப்பேற்பது மாதிரி. ஸ்மித் அதை 13 குடும்பங்களில் செய்திருக்கிறார்.

இன்னொன்றையும் கவனித்தேன். பிலடெல்பியா, வாஷிங்டன், சார்லட். இந்த மூன்று அணிகளிலும் அவர் இரண்டு தடவை ஆடியிருக்கிறார். அனுப்பிய இடத்திலேயே மறுபடி கதவு திறந்திருக்கிறது. கோபத்தோடு கதவை அறைந்துவிட்டுப் போனவருக்கு அது நடக்காது.

இதைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் வருஷத்துக்கு ஒரு வேலை மாறலாம்’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஸ்மித் மில்லியன் கணக்கில் சம்பாதித்தவர். அவருக்குப் பின்னால் வலுவான ஆட்டக்காரர் சங்கம் இருக்கிறது. 3 பருவம் ஆடினாலே ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டு. நம் பிள்ளைகளுக்கு அதெல்லாம் இல்லை. கார் கடனுக்குப் போனால் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பார்கள். பெண் பார்க்கப் போனால் ‘நிரந்தர வேலையா?’ என்று கேட்பார்கள். அந்தக் கவலை சித்திக்கு இருக்கிறது. அதில் தப்பும் இல்லை. மாமாவின் 32 வருஷத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. அந்தச் சம்பளத்தில்தான் மூன்று பிள்ளைகள் படித்தார்கள்.

ஆனால் மாமா காலத்தில் கம்பெனியும் ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டது. இப்போது ஒரு வருட ஒப்பந்தம், ஆறு மாத ஒப்பந்தம் என்று கொடுத்துவிட்டு, திட்டம் முடிந்ததும் கைகுலுக்கி அனுப்பிவிடுகிறார்கள். என் தம்பி மாறிய வேலைகளில் இரண்டை அவன் விடவில்லை. திட்டம் முடிந்தது, அவனும் வெளியே வந்தான். இதை நான் அன்றைக்குக் கூடத்தில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆபிஸ் அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை, நிகழ்ச்சி முடிந்ததும் அவனைக் கூப்பிட்டேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். “அட, விடுங்கக்கா” என்றான். பிறகு கேட்டேன்: “பழைய கம்பெனியில யாராவது இன்னும் உன்கிட்ட பேசுறாங்களா?”

கொஞ்சம் யோசித்தான். “ரெண்டாவது கம்பெனி மேனேஜர் தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவாருக்கா. மூணாவது இடத்துல சிஸ்டத்துல ஏதாவது சிக்கல்னா இப்பவும் என்னைத்தான் கூப்பிடுவாங்க.”

“அவங்ககிட்ட நீ வேலை தேடுறதைச் சொன்னியா?”

சொல்லவில்லை. வெட்கமாக இருந்ததாம்.

இஷ் ஸ்மித்தின் கதையைச் சொன்னேன். இரண்டு பேருக்கும் அன்றைக்கே தகவல் அனுப்பச் சொன்னேன். சித்தியிடம் விஷயத்தைச் சொல்லும்போது, வேண்டுமானால் நானும் கூட வருகிறேன் என்றேன்.

இந்தப் பத்தியை எழுதும் நேரம் வரை வேலை எதுவும் அமையவில்லை. இரண்டு இடத்திலிருந்தும் பதில் வந்திருக்கிறது, அடுத்த வாரம் ஒருவரைப் பார்க்கப் போகிறான். சித்தியிடமும் சொல்லிவிட்டான். அவர் திட்டவில்லையாம். “முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா” என்று மட்டும் கேட்டாராம்.

நேற்றிரவு எனக்கு அவனிடமிருந்து ஒரு தகவல்: “அக்கா, 13க்கு எனக்கு இன்னும் 9 பாக்கி இருக்கு. மாமாகிட்ட சொல்லிடாதீங்க.”