அழுதால் இயேசப்பாவுக்குப் பிடிக்காதா?

கொஞ்சம் நீளமான த்ரெட். சண்டே கிளாஸ் எடுக்கிறவங்க, ராத்திரி குடும்ப ஜெபத்துக்குப் பிள்ளைகளை இழுத்துப் பிடிச்சு உட்கார வைக்கிற அப்பா அம்மாக்கள் பொறுமையா படிங்க.

8 வயதுப் பெண் குழந்தை (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). ரெண்டு மாசமா வயிற்றுவலி. எங்கே வலிக்குதுன்னு கேட்டா தொப்புளைச் சுற்றிக் கையை வச்சுக் காட்டுறா. பூச்சி மாத்திரை கொடுத்தாச்சு. ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் நார்மல்.

"வீட்டில் ஏதாவது நடந்துச்சாம்மா?"

"எங்க அத்தை, இவளோட ஆச்சி, இறந்துட்டாங்க டாக்டர். ஆனா பாப்பா ஒரு சொட்டு அழலை. அவ்வளவு தைரியம்." அம்மா பெருமையாத்தான் சொன்னாங்க.

பிள்ளைகிட்ட கேட்டேன். "ஆச்சி இயேசப்பாகிட்ட போயிட்டாங்க, நாம சந்தோஷமாத்தான் இருக்கணும், அழுதா இயேசப்பாவுக்குப் பிடிக்காதுன்னு சண்டே கிளாஸ்ல சொன்னாங்க அங்கிள்."

சொன்ன டீச்சர் ஆறுதலுக்காகத்தான் சொல்லியிருப்பார். பிள்ளை அதைச் சட்டமா எடுத்துக்கிட்டா. இந்த மாதிரி வலி நடிப்பும் கிடையாது. மூளையும் குடலும் நரம்புகள் வழியா ஓயாம பேசிக்கிட்டே இருக்கு. மனசு இறுகிக் கிடக்கும்போது குடலோட சாதாரண அசைவுகூட வலியாத் தெரியும். (அதுக்காக எல்லா வயிற்றுவலியையும் மனசு மேல போட்டுடாதீங்க. எடை குறையுது, காய்ச்சல் வருது, மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்புற வலின்னா உடனே டாக்டரைப் பாருங்க.)

என் கருத்து இதுதான். கிறிஸ்தவ சந்தோஷத்தை நாம பிள்ளைகளுக்கு ஒழுக்க விதி மாதிரி சொல்லிக் கொடுக்கிறோம். நகத்தை வெட்டு, முழங்கால் போடு, சந்தோஷமா இரு. ஆனா சந்தோஷம் ஒரு பதில். தேவன் செய்த நன்மையைப் பிள்ளை முதல்ல பார்க்கணும், ருசிக்கணும். வாயில எதையும் வைக்காமலே 'இனிக்குதுன்னு சொல்லு'ன்னா பிள்ளை சொல்லிடும். நமக்குப் பயந்து சொல்லும்.

அழுதா இயேசுவுக்குப் பிடிக்காதா? லாசருவின் கல்லறைக்குப் போற வழியில் அவரே கண்ணீர் விட்டாரே! கொஞ்ச நேரத்தில் லாசருவை எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும்தான் அழுதார். சந்தோஷத்தைப் பற்றி வரிக்கு வரி பேசுற பிலிப்பியர் நிருபத்தைப் பவுல் கட்டுண்ட நிலையில் எழுதினார். அதே நிருபத்தில் நண்பர் எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்ததைச் சொல்லி, அவர் போயிருந்தா தனக்குத் துக்கத்துக்கு மேல துக்கமா ஆகியிருக்கும்னு ஒளிக்காம எழுதுறார்.

"நெகேமியா 8ல அழாதீங்கன்னு இருக்கே டாக்டர்?" இருக்கு. கர்த்தருக்குள் மகிழ்வதே பெலன்னு பல வீட்டுக் காலண்டர்ல தொங்குற அந்த வசனமேதான். காலண்டர்ல கடைசி வரி மட்டும்தான் இருக்கும். முழு வசனத்தையும் படிங்க. நல்லா சாப்பிடுங்க, இனிப்பானதைக் குடிங்க, ஒண்ணும் இல்லாதவங்களுக்குப் பங்கு அனுப்புங்கன்னு வருது. வெறும் வாயில 'மகிழு'ன்னு யாரும் சொல்லலை. பந்தி போட்டுட்டுத்தான் சொல்றாங்க.

நெல்லைப் பக்கம் அசனப் பண்டிகை பார்த்தவங்களுக்கு இது புரியும். ஊரே ஒரே பந்தியில் உட்காரும். அந்தச் சோற்றுக்கு முன்னாடி எந்தப் பிள்ளைக்கும் சந்தோஷத்துக்குத் தனிப் பாடம் தேவைப்படாது. சோறு பரிமாற ஒரு வாளியையும் கையில் கொடுத்துப் பாருங்க.

இதுக்கு நேர்மாறா வீட்டில் நாம ஒண்ணு செய்றோம். "சாப்பாடு இல்லாத பிள்ளைகளைப் பாரு, உனக்குக் கிடைச்சிருக்கு, ஸ்தோத்திரம் சொல்லு." அடுத்தவன் பசியைக் காட்டித்தான் தேவன் நல்லவர்னு நிரூபிக்கணுமா? அந்தப் பிள்ளைக்குத் தேவன் யாராம்? நம்ம பிள்ளை கேட்டா என்ன பதில் வச்சிருக்கோம்? மார்க்கோட சேர்த்துக் கட்டுறதும் அப்படித்தான். 95 வந்தா 'கர்த்தர் நல்லவர்'. 45 வந்தா வீடே இழவு வீடு.

ராத்திரி ஜெபத்தில் ரெண்டு கேள்வி கேளுங்க. இன்னைக்கு எது நல்லா இருந்துச்சு? எது கஷ்டமா இருந்துச்சு? ரெண்டையும் பிள்ளை அதோட வார்த்தையிலேயே தேவன்கிட்ட சொல்லட்டும். 'பரோட்டாவுக்கு ஸ்தோத்திரம்'னு சொன்னா திருத்தாதீங்க. (தினமும் பரோட்டான்னா என்கிட்ட வாங்க.) நீங்களும் உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க. அப்பா அம்மா நிஜமா நன்றி சொல்றதைக் கேட்டுத்தான் பிள்ளை கத்துக்கும். கிறிஸ்துமஸ் காலையில் ஆராதனைக்கு நேரமாச்சுன்னு வீடே அதிரக் கத்திட்டு, கோயில் வாசல்ல போய்ச் சிரிக்கிறோமே, அதையும்தான் பார்த்துக்கிட்டு இருக்கு.

அந்தப் பிள்ளைகிட்ட, ஆச்சி உனக்கு என்னெல்லாம் செய்வாங்கன்னு கேட்டேன். முறுக்கு சுட்டா முதல் முறுக்கு அவளுக்குத்தானாம். மடியில் படுக்க வச்சுக் காது குடைஞ்சு விடுவாங்களாம். (காது குடையக் கூடாது. அன்னைக்கு நான் வாயைத் திறக்கலை.) சொல்லிக்கிட்டே சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே இருந்தவ உடைஞ்சு அழுதா. அம்மாவும் அழுதாங்க. அந்த ஆச்சியைக் கொடுத்ததுக்கு இன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் சேர்ந்து நன்றி சொல்லுங்க, அழுகை வந்தா அழுங்கன்னு சொல்லி அனுப்பினேன். மாத்திரை எதுவும் எழுதலை.

மூணு வாரம் கழிச்சு வந்தாங்க. வலி ரொம்பக் குறைஞ்சிருக்கு. கணக்குப் பரீட்சை அன்னைக்கு மட்டும் இன்னும் வருதாம்.