பேரீச்சம்பழத்துக்குப் போகாத கார்கள்

தருமபுரி மாவட்டத்தில் பழைய கார் வைத்திருக்கும் யாரிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ரேடியேட்டரில் என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்பதுதான். இந்த மண்ணின் நிலத்தடி நீர் ஃப்ளோரைடுக்குப் பேர்போனது. அதனால்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போடப்பட்டு, 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கிறது. அதே ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசிய உப்புகள் காரைக் கெடுக்கின்றன. சூடான ரேடியேட்டர் குழாய்க்குள் உப்பு படியும், வழி குறுகும், வெப்பம் வெளியேறாது. ஒரு நாள் பாலக்கோடு சாலையில் வண்டி புகை கக்கி நிற்கும்போது ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். அலுமினிய ஹெட் வளைந்திருந்தால் அதை லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய் மட்டம் பார்க்க வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் சுத்திகரித்த நீரோடு கூலன்ட் கலந்து ஊற்றியிருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும் வேலை அது.

இதைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் காரைத் தாங்களே பார்த்துக்கொள்பவர்கள். பழைய கார் பொழுதுபோக்கு என்றதும் கோவை ஜி.டி. கார் அருங்காட்சியகமோ, சென்னைச் சாலையில் பளபளவென்று அணிவகுக்கும் விண்டேஜ் வண்டிகளோதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது வசதி படைத்தவர்களின் உலகம். தருமபுரி, பென்னாகரம், அரூர் பக்கம் வீட்டுத் திண்ணையை ஒட்டிச் சாக்குப் படுதா போர்த்தி நிற்பவை மாருதி 800, ஆம்னி, ஜென், முதல் தலைமுறை சான்ட்ரோ போன்றவை. ஒரு காலத்தில் தவணை கட்டி வாங்கிய குடும்ப வண்டிகள். இன்று அவற்றின் சந்தை விலை, புது மோட்டார் பைக்கின் விலையைவிடக் குறைவு. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஆயில் அளவு பார்த்து, ஒரு சுற்று ஓட்டிவந்து நிறுத்தும் மனிதர்கள் இருக்கிறார்கள். இந்தப் பழக்கத்தைக் கஞ்சத்தனம் என்றோ பழமை மோகம் என்றோ ஒதுக்கிவிட முடியாது. நடுத்தரக் குடும்பம் ஒன்று தன் கையால் இயந்திரத்தைக் கற்றுக்கொள்ளும் வழி இது. அரசின் கொள்கை இதற்கு இடம் விட வேண்டும்.

மாருதி 800இன் கதையை எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தியிடமிருந்து முதல் வண்டியின் சாவியைப் பெற்றவர் டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங். குலுக்கலில் கிடைத்த வாய்ப்பு அது. விலை 47,500 ரூபாய். அவர் அந்தக் காரை விற்கவே இல்லை. 2010இல் அவர் இறந்த பின், அது வீட்டு வாசலில் துருப்பிடித்துக் கிடந்த படங்கள் நாடெங்கும் பரவின. பின்னர் நிறுவனமே அதை முழுமையாகச் சீரமைத்து, 2022இல் தன் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தது. உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அதற்குள் இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கும் மேல் விற்றாகிவிட்டது. 796 சிசி, மூன்று சிலிண்டர், முன்சக்கர இயக்கம், சுமார் 650 கிலோ எடை. இந்தியக் குடும்பங்களில் ஒரு தலைமுறையே கார் ஓட்டக் கற்றது இந்த வண்டியில்தான்.

அதன் எளிமைதான் அதைப் பொழுதுபோக்காக ஆக்குகிறது. கார்புரேட்டர் வண்டியில் காற்றும் பெட்ரோலும் கலக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஐடிலிங் ஏறி இறங்கினால் ஒரு திருகைத் திருப்பிச் சரிசெய்து, அந்த மாற்றத்தைக் காதால் உடனே கேட்கலாம். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது முன்பக்கத்திலிருந்து கடகடவென்று சத்தம் வந்தால் ஆக்சில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. பிளக் கறுத்து எண்ணெய்ப் பசையோடு வந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ பழுது. சாக்பீஸ் போல வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. மார்கழிக் காலையில் சோக்கை எவ்வளவு இழுத்து, எப்போது விடுவது என்பது ஒவ்வொரு வண்டிக்கும் தனிக் கணக்கு. இன்றைய கார்களில் இவற்றையெல்லாம் கணினி பார்த்துக்கொள்கிறது. அதனால் நம்பகத்தன்மை கூடியிருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஸ்கேனர் இல்லாமல் மெக்கானிக்கே ஒன்றும் சொல்ல முடியாத இடத்தில், உரிமையாளருக்குக் கற்க என்ன இருக்கிறது?

கற்றுக்கொடுக்க இந்த வட்டாரத்தில் ஆள் பஞ்சமில்லை. 2004இல் கிருஷ்ணகிரி பிரியும்வரை ஓசூரும் தருமபுரி மாவட்டம்தான். 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் பிறந்ததும், அசோக் லேலண்ட் லாரிகளுக்கான ஆலை எழுந்ததும் அங்கேதான். அந்த ஆலைகளையும் அவற்றைச் சுற்றி முளைத்த உதிரிபாகப் பட்டறைகளையும் நம்பி இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் ஐடிஐ படித்தார்கள். ஒரு பக்கம் சேலம், இன்னொரு பக்கம் பெங்களூரு என்று இரு பெரிய சந்தைகளுக்கு நடுவே தருமபுரி இருக்கிறது. உள்ளூர்க் கடையில் கிடைக்காத பாகத்தைத் தேடி பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்குக் காலையில் பஸ் ஏறினால் இரவுக்குள் திரும்பிவிடலாம். அங்கும் இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டை இருக்கவே இருக்கிறது. காயலான் கடைக்குப் போன ஒரு வண்டியின் கதவுக் கைப்பிடி இன்னொரு வண்டியில் தொடர்ந்து வேலை செய்வது இப்படித்தான்.

பழுதுபார்க்கக்கூடிய இயந்திரத்தின் அருமையை இக்கட்டில் உணர்ந்தவர்கள் யாழ்ப்பாணத் தமிழர்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் அங்கே பெட்ரோல் கிடைக்காமல் போனது. ஆஸ்டின், மொரிஸ் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கொஞ்சம் பெட்ரோலைக் கார்புரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். அழுத்த விகிதம் குறைந்த அந்தக் காலத்து எஞ்சின்கள் அதைத் தாங்கின. புகையும் நாற்றமும் இருந்தன. ஆனால் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். கணினி இயக்கும் எஞ்சினில் இது நடந்திருக்காது. அதே இலங்கையில் 1991இல் தொடங்கப்பட்ட டியூரபிள் கார் கம்பெனி, மொரிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்களைக் கையால் தட்டி உருவாக்கி, அந்தக் கார் பிறந்த பிரிட்டனுக்கே ஏற்றுமதி செய்தது. பழைய காரைப் பேணுவதும் ஒரு தொழில்திறன்தான், அது ஊருக்கு வருமானமாகவும் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அந்த நாட்டின் சாலைகள் இருந்த கார்களைக் கொண்டே ஓடின. பேணத் தெரிந்த கைகள் இல்லாமல் அது முடிந்திருக்காது.

இந்தியாவில் சட்டம் வேறு திசையில் போகிறது. சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின் எஃப்.சி. காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இந்த முறையில் தவறில்லை. பழைய வண்டியை ஆய்வாளர் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். சிக்கல் கட்டணத்தில் இருக்கிறது. புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பு, 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு அதை 10,000 ஆக்கியது. ஜிஎஸ்டி தனி. மாநில அரசின் பசுமை வரியும் தனி. ஐம்பது அறுபதாயிரம் ரூபாய்க்கு விலை போகும் வண்டிக்கு இந்தச் சுமை எவ்வளவு பெரிது என்பதை டிஎன் 29 எண்பலகை மாட்டிய பழைய மாருதிக்காரர்கள் நன்றாக அறிவார்கள்.

இதோடு 2021இல் வந்த விண்டேஜ் வாகன விதிகளை வைத்துப் பார்க்க வேண்டும். 50 ஆண்டு தாண்டி, அசல் வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிக்கு 'விஏ' என்ற தனி எண் வரிசை உண்டு. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அன்றாடம் ஓட்டக் கூடாது, கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் கொண்டுபோகலாம் என்பது நிபந்தனை. பாரம்பரியத்தைக் காக்கும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் 1983இன் முதல் மாருதிகளே 2033இல்தான் இந்தத் தகுதியை எட்டும். 50 வயது வண்டியைச் செல்வமாகக் கருதும் அதே சட்டம், 21 வயது வண்டியை வெளியேற்ற வேண்டிய குப்பையாகக் கருதி இரு மடங்கு கட்டணம் கேட்கிறது. 20க்கும் 50க்கும் நடுவிலிருக்கும் முப்பது ஆண்டுகளை ஒரு கார் எப்படிக் கடக்கும்? யாராவது அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தால்தானே அது விண்டேஜ் ஆக முடியும்!

மறுதரப்பின் வாதம் வலுவானது. 2000க்கு முந்தைய கார்புரேட்டர் வண்டி ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடும் நச்சுப் புகை, பிஎஸ்-6 காரைவிடப் பல மடங்கு அதிகம். டெல்லி வட்டாரத்தில் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் கார்களுக்குத் தடை வந்ததும், 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்ததும், 2025இல் அதே நீதிமன்றத்தில் அது மறுபடி விவாதமானதும் இந்தக் கவலையால்தான். ஆனால் மாசு என்பது கிலோமீட்டர் கணக்கு. வாரம் ஒருமுறை சந்தைக்குப் போய்வரும் வண்டியையும் தினமும் ஓடும் வாடகை வண்டியையும் பிறந்த ஆண்டை மட்டும் வைத்து ஒரே தட்டில் நிறுத்துவது நியாயமல்ல.

பாதுகாப்பு விஷயத்தில் பழைய காருக்காக வாதாட முடியாது. 2014 ஜனவரியில் குளோபல் என்சிஏபி அமைப்பு மோதிப் பார்த்த இந்தியச் சிறிய கார்கள் ஐந்தும் பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அவையெல்லாம் மாருதி 800க்குப் பிந்தைய வடிவமைப்புகள். ஏர்பேக் இல்லாத, மெல்லிய தகட்டு வண்டியில் தேசிய நெடுஞ்சாலை 44இல் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நூறு கிலோமீட்டர் வேகத்தில் போவது அறிவுடைமை ஆகாது. தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும் சரிவு, நல்ல பிரேக் உள்ள லாரிகளையே பலமுறை பலிவாங்கியிருக்கிறது. பழைய காரை ரசிக்கிறவர்கள் எஞ்சினுக்குக் காட்டும் அக்கறையை பிரேக்குக்குக் காட்டுவதில்லை என்பது கசப்பான உண்மை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால் அதன் கொதிநிலை இறங்கும். நீண்ட சரிவில் தொடர்ந்து மிதித்தால் அது ஆவியாகி, பெடல் வெறுமனே தரையைத் தொடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவதும், பின்சக்கர வீல் சிலிண்டரில் கசிவு பார்ப்பதும், சரிவில் கியரைக் குறைத்து இறங்குவதும் உயிர் விஷயம். டயரும் அப்படித்தான். ஓட்டம் குறைவாக இருப்பதால் பட்டன் தேயாமல் புதிதுபோலவே தெரியும். ரப்பர் இறுகி வெடித்திருக்கும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் சொல்லும். 1419 என்றால் 2019இன் 14வது வாரத்தில் செய்தது. படுதாவுக்குள் நிற்கும் வண்டிகளில் இந்த எண்ணை இன்றே போய்ப் பார்ப்பது நல்லது.

இப்போது புதிதாக ஒரு தலைவலி சேர்ந்திருக்கிறது. 2025 முதல் நாடெங்கும் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டரின் உள் சவ்வுகளையும் எத்தனால் இளக்கும். ஈரத்தை இழுக்கும் குணமும் அதற்கு உண்டு என்பதால், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021இலேயே நிதி ஆயோக் அறிக்கை சொல்லியிருந்தது. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்று அரசும் ஒப்புக்கொண்டிருக்கிறது. அப்படியானால் எந்த மாடலுக்கு எந்தக் குழாய், எந்த கேஸ்கெட் என்ற பட்டியலைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பங்கிலும் ஒட்டுவது அரசின் கடமை. பத்து சதவீதக் கலப்பு பெட்ரோலையும் ஒரு குழாயில் தனியாக விற்கலாம். அதற்குக் கொஞ்சம் கூடுதல் விலை வைத்தாலும் பழைய வண்டிக்காரர்கள் வாங்குவார்கள்.

கட்டணத்திலும் வழி இருக்கிறது. பிரேக் பிடிமானத்தையும் புகையையும் இயந்திரம் வைத்து அளக்கும் தானியங்கிச் சோதனை நிலையங்களை மத்திய அரசு ஊக்குவித்துவருகிறது. அந்த அளவீட்டையே கட்டணத்துக்கு அடிப்படையாக்கலாம். நன்றாகப் பேணப்பட்டு, வரம்புக்குள் புகைவிடும் 22 வயது மாருதிக்குப் பழைய 600 ரூபாயும், கரும்புகை கக்கும் 12 வயது வண்டிக்கு அபராதமும் விதிப்பது முறையாக இருக்கும். ஆண்டுக்கு இவ்வளவு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை என்று எழுதிக்கொடுத்து, ஓடோமீட்டரைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளும் தனிப் பிரிவு ஒன்றும் தேவை. மத்திய அரசு இதைச் செய்யக் காலமெடுக்கலாம். பசுமை வரியோ தமிழக அரசின் கையில் இருக்கிறது. எஃப்.சி. சோதனையில் முதல் முறையிலேயே தேறும் சிறிய பெட்ரோல் கார்களுக்கு அந்த வரியைப் பாதியாக்கும் அரசாணையை வரும் பட்ஜெட்டுக்குள்ளாகவே கொண்டுவர முடியும்.