தகப்பனுக்கு அனுப்பும் வண்டி



யோசேப்பு உயிரோடிருக்கிறான் என்று பிள்ளைகள் வந்து சொன்னபோது யாக்கோபு அதை நம்பவில்லை. தன்னை ஏற்றிச்செல்ல மகன் எகிப்திலிருந்து அனுப்பிய வண்டிகளைக் கண்ட பின்னரே முதியவருக்கு உயிர் வந்தது. ஆதியாகமம் 45-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம், ஊரைவிட்டுத் தூரதேசம் சென்ற நம் பிள்ளைகளை நினைத்துக்கொள்வேன்.

அண்மையில் குவைத்தில் வேலைசெய்யும் தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். சொந்த ஊர் கார்வேட்டிநகரம். தகப்பனாருக்கு அறுபத்தெட்டு வயது. மலையடிவாரத்தில் மாந்தோப்பு, மழை பெய்தால் ஓடையைக் கடக்க வேண்டும். ஞாயிறு மாலைகளில் இரண்டு கிராமங்களில் ஜெபக்கூட்டம் நடத்துகிறார். அவருக்குப் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்று வாங்கித்தர ஐந்து லட்சம் ரூபாய் சேர்த்திருந்தார் மகன். சென்னையிலிருந்து ஒரு வியாபாரி அனுப்பிய படங்களைப் பார்த்து முன்பணம் கட்டும் வேளையில், "ஐயா, ஜெபித்துச் சொல்லுங்கள்" என்றார்.

ஜெபித்தேன். பின்பு, "அப்பாவைக் கேட்டீர்களா?" என்றேன். மறுமுனையில் மௌனம். அப்பாவை ஆச்சரியப்படுத்த விரும்பினாராம். பெற்றோருக்கு நாம் தரும் ஆச்சரியங்களில் பாதி நம்முடைய சந்தோஷத்திற்காகவே என்பது என் எண்ணம். நானும் அப்படிச் செய்தவன்தான்.

எண்ணாகமம் 7-ஆம் அதிகாரத்தில் பிரபுக்கள் கொண்டுவந்த ஆறு வண்டிகளை மோசே எவ்வாறு பங்கிட்டார் என்று பாருங்கள். கெர்சோன் புத்திரருக்கு இரண்டு, மெராரி புத்திரருக்கு நான்கு, தோளில் சுமக்கவேண்டிய கோகாத் புத்திரருக்கு ஒன்றுமில்லை. முதலில் வேலை என்னவென்று விசாரிக்கவேண்டும். அதற்குத் தக்கதே வண்டி.

ஜீப்பைப் பற்றியும் சில காரியங்கள் சொன்னேன். பொலேரோ என்றாலே நான்கு சக்கரமும் இழுக்கும் என்று நம்மவரில் பலர் நினைக்கின்றனர். வீதியில் காண்பவற்றில் மிகுதியானவை பின்சக்கரம் மட்டும் இழுப்பவை. 2010-இல் வெளிவந்த தார் வண்டியிலும் இரு வகையும் உண்டு. கியர் கம்பிக்கு அருகே இன்னொரு கம்பியோ, சில வண்டிகளில் திருகும் பொத்தானோ இருக்கவேண்டும். இருந்தால் மட்டும் போதாது. ஆண்டுக்கணக்கில் தொடாத கம்பி இறுகிப்போயிருக்கும்; ஆகையால் மண்தரையில் நிறுத்தி, ஃபோர் ஹை, ஃபோர் லோ இரண்டையும் போட்டு, நான்கு சக்கரமும் இழுக்கிறதா என்று பார்க்கவேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போட்டு ஓட்டிக்காட்டுகிறவரிடம் கவனமாயிருங்கள். வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஓடும் தூரம் வேறு. சறுக்க மண் இல்லாதபோது அந்த வேறுபாடு பல்சக்கரங்களை முறுக்கும். நான்கு டயர்களும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் இருக்கவேண்டியதும் இதனால்தான்.

சென்னை வண்டியானால் மேலும் ஒரு சோதனை அவசியம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அங்கே ஏராளமான வாகனங்கள் நீரில் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக்கறை இருக்கும். மேலே அடித்த புதுப் பெயிண்ட் அதை மறைப்பதில்லை.

பத்திரங்களை எவரும் சட்டைசெய்வதில்லை. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. கார்வேட்டிநகரம் ஆந்திரத்திலேயே நின்றது. பேச்சிலும் உறவிலும் தெரியாத அந்த எல்லை, ஆர்.சி. புத்தகத்தில் தெரியும். தமிழ்நாட்டு வண்டியானால் படிவம் 28 வழியாகத் தடையில்லாச் சான்று பெறவேண்டும். பெயர் மாற்றத்திற்கு 29, 30. கடன் தீர்ந்ததற்கு 35. ஆந்திரத்திலே ஆயுட்கால வரியும் கட்டவேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டியானால் பதிவு புதுப்பிக்கப்பட்டதா என்றும் பாருங்கள். இவற்றையெல்லாம் கூட்டினால், மலிவாய்த் தோன்றியது பல வேளைகளில் மலிவல்ல.

"அப்பாவின் ஓட்டுநர் உரிமம் எதுவரை செல்லும்?" என்றும் கேட்டேன். ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். மருத்துவச் சான்றும் வேண்டும். தம்பிக்குத் தெரியவில்லை.

அன்றிரவே வீட்டிற்குப் பேசினார். உரிமம் காலாவதியாகி ஓராண்டாகிவிட்டது. கண்ணில் புரை, இரவில் எதிரே வரும் விளக்கு கூசுகிறது. மகன் கவலைப்படுவானே என்று தகப்பனார் மறைத்திருக்கிறார். அம்மாவுக்கோ மூட்டுவலி, உயரமான வண்டியில் ஏற இயலாது. ஓடையில் தண்ணீர் வருவது ஆண்டில் சில நாட்களே, அந்நாட்களில் பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் இருக்கிறது என்றாராம் பெரியவர். ஆனாலும் ஜீப் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

சேர்த்த பணத்தில் முதற்செலவு திருப்பதியில் கண் அறுவைச் சிகிச்சைக்கு ஆயிற்று. இப்பொழுது தகப்பனாரே புத்தூர் மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு, சித்தூர்ப் பக்கத்து வண்டிகளை நேரில் பார்த்துவருகிறார். அம்மா ஏறுவதற்கு ஒரு படி பற்றவைக்க இடமுண்டா என்பதையே முதலில் பார்க்கிறாராம். இதுவரை இரண்டைத் தள்ளிவிட்டார்.