அரியருக்கு ஒரு நியாயம், விசாவுக்கு ஒரு நியாயமா?



நம்மில் அரியர் வைக்காதவர்கள் சிலர் இருக்கலாம். அரியர் என்றால் என்னவென்று தெரியாதவர் ஒருவரும் இல்லை. ஒரு பேப்பர் போய்விட்டால் என்ன செய்கிறோம்? இரண்டு நாள் சோறு இறங்காது. மூன்றாம் நாள் எழுந்து, பணம் கட்டி, விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்க்கிறோம். எந்தக் கேள்வியில் மார்க் போயிற்று என்று தேடுகிறோம். "மச்சான், நாலாவது யூனிட்டை நான் தொடவே இல்லடா" என்று நாமே கண்டுபிடிக்கிறோம். அதைப் படித்து முடித்த பிறகுதான் அடுத்த முறை ஹாலுக்குள் நுழைகிறோம்.

ஆனால், வெளிநாட்டில் படிக்க விசா கேட்டு, அது மறுக்கப்பட்டால் மட்டும் இந்த அறிவு நமக்கு எங்கே போய்விடுகிறது? அதே ஃபைல், அதே கடிதம், தேதி மட்டும் புதிது! "இந்தத் தடவ வேற ஆபீசர் பாப்பாரு, கிடைச்சிரும்" என்ற நம்பிக்கை. பரீட்சையில் செய்யாத முட்டாள்தனத்தை விசாவில் ஏன் செய்கிறோம்? மறுத்த காரணம் என்னவென்று எழுத்தில் பார்க்காமல் மறுபடி விண்ணப்பிக்காதே என்பதுதான் நான் சொல்ல வந்த கருத்து. மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்.

கனடாவையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பி.இ. பட்டம் இல்லாமல், டிப்ளமோவோடு சேரக்கூடிய கல்லூரிப் படிப்புகள் அங்கே நிறைய. அதனால்தான் பாலிடெக்னிக் மாணவர்கள் பலர் அந்தப் பக்கம் பார்க்கிறார்கள்.

மறுப்புக் கடிதம் என்ன சொல்கிறது?

பெரும்பாலான கடிதங்களில் இரண்டு விதிகளைத்தான் காட்டுவார்கள். ஒன்று 216ஆம் விதி. அனுமதிக் காலம் முடிந்ததும் நீ கனடாவை விட்டுக் கிளம்பிவிடுவாய் என்று அதிகாரி நம்ப வேண்டும். மற்றொன்று 220ஆம் விதி. படிப்புக் கட்டணம், தங்கிச் சாப்பிடும் செலவு, போகவரச் செலவு எல்லாவற்றுக்கும் உன்னிடம் பணம் இருக்க வேண்டும். அதிலும் ஒரு வார்த்தையைக் கவனியுங்கள்: கனடாவில் வேலை செய்யாமலே இருக்க வேண்டும்! "அங்க போயி பார்ட் டைம் பாத்துச் சமாளிச்சுக்கலாம்" என்ற நம் கணக்கு அந்த விதியின் முன் செல்லாது.

கடிதம் பொதுவாகத்தான் பேசும். அதிகாரி மனதில் பட்டது என்ன என்பது அவர் கணினியில் எழுதி வைக்கும் குறிப்பில் இருக்கும். 2025 ஜூலை முதல் சில மறுப்புக் கடிதங்களோடு அந்தக் குறிப்பையும் சேர்த்தே அனுப்பத் தொடங்கினார்கள். வராவிட்டால் நாமே கேட்டு வாங்கலாம். கனடாவின் தகவல் அறியும் சட்டப்படி, அங்கே இருக்கும் ஒருவர் உன் சம்மதத்தோடு 5 டாலர் கட்டிக் கேட்கலாம். 2022 ஜூலையிலிருந்து வெளிநாட்டில் இருப்பவரும் தன்னைப் பற்றிய பதிவைத் தனியுரிமைச் சட்டத்தின் கீழ்த் தானே கேட்க வழி வந்திருக்கிறது. அதற்குக் கட்டணம் கிடையாது. இதற்கு நம்மூரில் ஆயிரக்கணக்கில் கேட்பவர்கள் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

ஓர் அண்ணனின் கதை

எங்கள் தெருவில் டிப்ளமோ முடித்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். முதல் முறை மறுப்பு வந்தது. ஏஜெண்ட், "தம்பி, கவலப்படாதீங்க, ஒரே வாரத்துல திருப்பிப் போட்டுரலாம்" என்றார். போட்டார்கள். 150 டாலர் விண்ணப்பக் கட்டணம் மறுபடி போயிற்று. கைரேகைக்குக் கட்டும் 85 டாலர் மட்டும் தப்பியது. ஒருமுறை கொடுத்த கைரேகை 10 ஆண்டுகள் செல்லும். இரண்டாவது கடிதம் வந்தது. வரிக்கு வரி முதல் கடிதமேதான்!

அதற்குப் பிறகுதான் அதிகாரியின் குறிப்பை வாங்கினார். அதில் இரண்டே விஷயங்கள். விண்ணப்பத்துக்குச் சில வாரங்களுக்கு முன் அப்பாவின் கணக்கில் பெரிய தொகை ஒன்று விழுந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது என்பதற்கு விளக்கம் இல்லை. இரண்டாவது, ஏற்கெனவே மெக்கானிக்கல் டிப்ளமோ வைத்திருப்பவர் அதே தரத்தில் இன்னொரு டிப்ளமோவை, அதுவும் பிசினஸ் படிப்பில், இவ்வளவு செலவு செய்து ஏன் படிக்க வேண்டும்?

அந்தத் தொகை மாமாவிடம் வாங்கிய கைமாற்று. படிப்பைத் தேர்ந்தெடுத்தது ஏஜெண்ட். "தம்பி, ஆபீசர் கேட்டது நியாயமான கேள்விதான்டா. எனக்கே பதில் தெரியல" என்றார் அண்ணன். மூன்றாவது முறை அவர் விண்ணப்பிக்கவில்லை. நேரடி இரண்டாமாண்டு பி.இ.யில் சேர்ந்துவிட்டார். அவர் தோற்றுப்போனதாக நான் நினைக்கவில்லை. கேள்வியைப் படித்துவிட்டு, பதில் தன்னிடம் இல்லை என்று தெரிந்து எழுந்து வந்தார். பதில் இருப்பவர்கள் தாராளமாக மறுபடி எழுதலாம்.

பதில் எழுதுவது எப்படி?

பணம் பற்றிய கேள்வி என்றால், பணம் வந்த வழியைக் காட்ட வேண்டும். நிலம் விற்றதா? பத்திரம். நகைக்கடனா? ரசீது. கல்விக் கடனா? வங்கியின் அனுமதிக் கடிதம். பல மாதக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு. கடைசி வாரத்தில் கொட்டிய கைமாற்றைவிட, மாதாமாதம் சேர்ந்த சிறு தொகை அதிகம் பேசும். தனி ஒருவருக்கு, முதலாண்டுக் கட்டணமும் பயணச் செலவும் போக, வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் காட்ட வேண்டிய தொகை 2024 ஜனவரியில் 10,000 டாலரிலிருந்து 20,635 டாலர் ஆனது. 2025 செப்டம்பரில் 22,895 டாலர் ஆனது. நம் பணத்தில் 14 லட்சத்துக்கும் மேல்!

படிப்பு பற்றிய கேள்வி என்றால், உன் டிப்ளமோவுக்கும் அந்தப் படிப்புக்கும் உள்ள தொடர்பை நீயே எழுது. மூன்றாண்டு லேத்திலும் வெல்டிங்கிலும் கை கறுத்தவனுக்குச் சொல்ல விஷயம் இல்லாமலா போகும்? "கனடா உலகத் தரமான கல்வி தரும் நாடு" என்று ஏஜெண்ட் அச்சடித்துத் தரும் பாராவை அந்த அதிகாரி ஆயிரம் முறை படித்திருப்பார்.

பழைய ஃபைலைத் தூசி தட்டுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. விதிகள் மாறிவிடுகின்றன. 2024 ஜனவரியிலிருந்து நம்மைப் போன்ற கல்லூரி மாணவர்களுக்கு மாநில அரசின் சான்றுக் கடிதம் வேண்டியதாயிற்று; அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு. விரைவாக முடிவு சொன்ன எஸ்.டி.எஸ். வழியை 2024 நவம்பர் 8ஆம் தேதி மூடிவிட்டார்கள். 2024 நவம்பர் முதல், கல்லூரிப் படிப்பு முடித்தபின் வேலை அனுமதி வேண்டுமானால் குறிப்பிட்ட துறைகளில் படித்திருக்க வேண்டும் என்றார்கள். சீனியர் சொன்ன வழி சீனியர் காலத்து வழி!

பொய்க்கு மறு தேர்வு கிடையாது

"முந்தின ரிஜெக்‌ஷனச் சொல்லாதீங்க, புதுசா போடற மாதிரி போடுங்க" என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நம் நண்பர்கள் அல்ல. கனடாவோ வேறு எந்த நாடோ உனக்கு விசா மறுத்ததுண்டா என்று படிவத்திலேயே நேராகக் கேட்கிறார்கள். மறைத்துப் பிடிபட்டால், தவறான தகவல் தந்ததாக 40ஆம் பிரிவின்படி 5 ஆண்டுகள் கனடாவுக்குள் நுழைய முடியாது. மறுப்பு ஒரு குற்றமல்ல. அதை மறைப்பதுதான் குற்றம்.

2023இல் நடந்ததை மறக்க வேண்டாம். பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து போன மாணவர்கள் பலர், அங்கே போய்ப் படித்து, வேலையும் பார்த்து, நிரந்தரக் குடியுரிமை கேட்டபோதுதான் முதலில் கொடுத்த சேர்க்கைக் கடிதமே போலி என்று தெரிந்தது. நாடு கடத்தும் நோட்டீஸ் வந்தது. ஏஜெண்ட் ஏமாற்றிவிட்டார் என்று தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். அமைச்சர் ஷான் ஃப்ரேசர் 2023 ஜூனில், நிரபராதிகளைப் பிரித்தறிய ஒரு குழு அமைத்தார். 2023 டிசம்பர் முதல் ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடமே சரிபார்க்கிறார்கள். விண்ணப்பத்தைத் தயாரிப்பது யாராக இருந்தாலும் அதில் இருப்பது உன் பெயர், தண்டனையும் உனக்குத்தான்.

முடிவு சட்டப்படி தவறு என்று உறுதியாகத் தோன்றினால் 60 நாட்களுக்குள் கனடாவின் ஃபெடரல் நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு வழக்குத் தொடரலாம். ஆனால், வென்றாலும் நீதிமன்றம் விசா கொடுக்காது. பொதுவாக வேறு அதிகாரி மறுபடி பார்க்கட்டும் என்று திருப்பி அனுப்பும். வக்கீல் செலவையும் எண்ணிப் பாருங்கள்.

அவசரம் ஏன்?

இவ்வளவும் தெரிந்தாலும் ஏன் ஒரே வாரத்தில் ஓடுகிறோம்? வெட்கம்தான் காரணம் என்பேன். வழியனுப்பு விருந்து சாப்பிட்டவர்கள், "என்னப்பா, இன்னும் கிளம்பலயா?" என்று கேட்கிறார்கள். அம்மாவின் நகை வங்கியில், வட்டி ஓடுகிறது. கேட்பவன் வாயை மூடுவதற்காக நாம் விண்ணப்பிக்கிறோம். அவன் ஒரு வாரத்தில் மறந்துவிடுவான். மறுப்போ நம் பதிவில் இரண்டாகி நிற்கும். ஆறு மாதம் கழித்துப் போடுவதைவிட, ஆறு நாளில் அதையே திருப்பிப் போடுவதில்தான் நஷ்டம் அதிகம். எத்தனை முறை, எத்தனை ரூபாய் வரை என்ற எல்லையை வீட்டாரோடு உட்கார்ந்து முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் விளையாட்டு விழா நடத்துகிறோம், மலர் போடுகிறோம். நூலகத்தில் ஒரு மேசை போட முடியாதா? அதிகாரப்பூர்வ இணையதளத்தில் உள்ள விதிகளை மாதம் ஒருமுறை அச்செடுத்து வைப்போம். மறுப்புக் கடிதம் வந்தவர்கள் பெயரை மறைத்துக் கடிதத்தின் நகலை அங்கே தரட்டும். ஒருவனுக்கு வந்த கேள்வி அடுத்தவனுக்குப் பாடமாகும். ஆங்கிலக் கடிதத்தைப் படித்துச் சொல்ல நம் ஆசிரியர்கள் மறுக்கவா போகிறார்கள்? வருகிற கல்வியாண்டிலேயே இதைத் தொடங்குங்கள். ஏஜெண்ட் அலுவலக வாசலில் நம் தம்பி தங்கைகள் தனியாக நிற்காமல் இருக்க நம்மால் ஆனது அதுதான்.

– மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை