வேலிக்கு அப்பால் ஒரு பிள்ளை

சென்ற ஞாயிறு இப்பகுதியில் பிள்ளைகளின் காலை உணவைப் பற்றி எழுதத் தொடங்கியிருந்தேன். இவ்வாரம் அதனை முடித்துவிடுவதாகவே எண்ணம். ஆனால் இடையில் வந்த ஒரு கடிதம் அதனைப் பின்தள்ளிவிட்டது. எழுதியவர் ஒரு தாயார். பெயரையும் ஊரையும் குறிப்பிட வேண்டாமென்று கேட்டிருக்கிறார். யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒரு கிராமத்தவர் என்று மட்டும் சொல்வதை அவர் பொறுத்துக்கொள்வாராக.

அவருடைய அயல்வீட்டில் ஐந்தாந் தரத்தில் படிக்கும் சிறுவன் ஒருவன் இருக்கிறான். புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதங்கள். அவ்வீட்டில் இரவு பத்தரை மணிக்கும் விளக்கெரிகிறது. தாயின் உரத்த குரல் கேட்கிறது. சில நாட்களில் அடிவிழும் ஓசையும், அதன்பின் நெடுநேரம் எதுவுமே கேளாத அமைதியும். சென்ற கிழமை இந்த அம்மையார் விறகு எடுப்பதற்காகத் தம் கொட்டிலுக்குச் சென்றபோது, பனைமட்டைகளுக்கு இடையே நான்காக மடித்த தாள்கள் சில இருக்கக் கண்டார். பிரித்துப் பார்த்தால், மாதிரி வினாத்தாள்கள். ஒன்றில் 100க்கு 43 புள்ளி, மற்றொன்றில் 38. மேலே அச்சிறுவனின் பெயர். வேலியிலுள்ள பொட்டினூடாக வந்து ஒளித்துவைத்துப் போயிருக்கிறான்.

"தாயிடம் சொன்னால் பிள்ளைக்கு அடி, சொல்லாவிட்டால் அவனுடைய ஒளிப்புக்கு நானும் உடந்தை. பிறர் வீட்டு விஷயத்தில் நான் தலையிடலாமா? நான்கு நாட்களாக எனக்கு உறக்கமில்லை" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

ஆசிரியத் தொழிலில் இருப்பவனுக்குப் புத்திமதி சொல்வது மிக எளிது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆயினும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இத்தகைய விஷயமொன்றில் நான் செய்த பிழை நினைவுக்கு வந்து கையைத் தடுத்தது. அதனை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளி ஒரு குடும்பம். தகப்பனார் அரசாங்க உத்தியோகத்தர். நல்லவர், ஆனால் முன்கோபி. மகன் எங்கள் கல்லூரியிலேயே சாதாரண தர வகுப்பிற் படித்தான். மாலையில் தனியார் வகுப்புக்கென்று சைக்கிளில் புறப்படும் அவன், கிழமையில் இரண்டு நாட்கள் அங்கே போகாமற் குளக்கரை வெளியிற் கிறிக்கெற் ஆடிக்கொண்டிருப்பதை நான் பலமுறை கண்டேன். கண்டதைச் சொல்லவேண்டியது என் கடமையென்று நினைத்தேன். ஒரு கலியாணவீட்டுப் பந்தலில், பந்திக்குக் காத்திருந்த வேளையில், "உங்கள் மகன் நன்றாகப் பந்தடிக்கிறானே, வகுப்பு எந்த நேரம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். பகிடியாகச் சொல்லிவிட்டதாக எனக்குள்ளே ஒரு பெருமையும் இருந்தது. சுற்றிவர ஆறேழு பேர். அவர்களில் ஒருவர் சிரித்தார். தகப்பனாரின் முகம் கறுத்துவிட்டது. அவர் பந்தியில் அமராமலே எழுந்து போனார்.

அன்றிரவு அவ்வீட்டில் நடந்ததை நான் விவரிக்கப்போவதில்லை. பையன் இரண்டு நாள் கல்லூரிக்கு வரவில்லை. மூன்றாம் நாள், கொளுத்தும் வெயிலில், நீண்ட கைச்சட்டை அணிந்து வந்தான். அதன்பின் ஒன்றரை ஆண்டு காலம் இரு வீட்டாரும் பேசிக்கொள்ளவில்லை. இன்று அவன் கொழும்பில் நல்ல வேலையில் இருக்கிறான். ஊருக்கு வந்தால் எல்லோரிடமும் நின்று சுகம் விசாரிப்பான். என்னைக் கண்டால் மட்டும் தலையை அசைத்துவிட்டுப் போய்விடுவான்.

நான் சொன்ன செய்தி உண்மை. அந்த எண்ணம் நெடுநாள் எனக்குச் சமாதானமாக இருந்தது. தகப்பனாரின் கோபத்துக்குக் காரணம் பிள்ளை பந்தாடியதன்று, பந்தலிலே தாம் நகைப்புக்கு இடமானதே என்பது பின்னர்தான் எனக்கு விளங்கிற்று. பிரம்பை அவர் கையில் எடுத்துக் கொடுத்தவன் நான்.

இங்கே எங்கள் வேலிகளைப் பற்றிச் சிறிது சொல்ல ஆசைப்படுகிறேன். யாழ்ப்பாணத்து வேலி வெறும் எல்லையன்று. பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியாலாக நிற்க, கிடுகோ பனையோலையோ கொண்டு ஆண்டுதோறும் அடைக்கப்படுவது. கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காக நீதிமன்றப் படியேறிய குடும்பங்களும் உண்டு. ஆயினும் எந்த வேலியிலும் எங்காவது ஒரு பொட்டு இருக்கும். கறிவேப்பிலையும் மோரும் அவ்வழியே போய்வரும். போர்க்காலத்திற் குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டதும் பொட்டினூடாகப் பாய்ந்து, பக்கத்து வளவுப் பதுங்குகுழியில் விழுந்த சிறுவர்களில் நானும் ஒருவன். குழி யாருடையதென்று அன்று எவரும் கேட்டதில்லை. குடாநாட்டுக்குச் சீமெந்து வருவது தடைப்பட்டிருந்த அந்த நாட்களில் மதில் கட்டுவது எளிதாக இருக்கவில்லை. 2009க்குப் பின்னர் மதில்கள் எழுந்தன. மதிலை நான் பழிக்கமாட்டேன். ஆடு நுழையாது, அடைப்புச் செலவும் இல்லை. ஆனால் மதிலிற் பொட்டு வைப்பாரில்லை. கடிதம் எழுதிய அம்மையாரின் வளவில் இன்னும் வேலி இருப்பது எனக்கு ஒருவகையில் ஆறுதலே. அந்தச் சிறுவனுக்கு ஒளிக்க ஓரிடமாவது இருந்தது.

இனி, எனக்கு ஒருவர் சொன்னதைச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மகள் ஐந்தாந் தரத்திற் படித்தாள். எங்கள் அயல்வீட்டு ஆச்சி எழுபதைக் கடந்தவர், பள்ளிப்படிப்புக் குறைவு. ஒருநாள் பின்னேரம், பொட்டு இருக்கத்தக்கதாகப் படலையால் சுற்றிக்கொண்டு, நான்கு முருங்கைக்காயோடு வந்தார். விறாந்தையில் அமர்ந்து மழையைப் பற்றியும் கோயிற் கொடியேற்றத்தைப் பற்றியும் என் மனைவியோடு பேசினார். நான் உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எழும்பும்போது மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, குஞ்சு பல்லுத் தீட்டேக்க கிணத்தடியில பாடுறவள். ஒரு கிழமையாக் கேக்கேல்லை." அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. போய்விட்டார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். இருபது ஆண்டுகளாகப் பிறர் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் எனக்கு, என் பிள்ளையைப் பற்றி வேலிக்கு அப்பாலிருந்து ஒருவர் சொல்லுவதா? ஆனால் அன்றிரவு ஒரு கடுதாசியை எடுத்து மகளின் நாளைக் கணக்கிட்டுப் பார்த்தேன். பாடசாலை விட்டு வீடு வர இரண்டு மணி. மூன்று முதல் ஐந்தரை வரை ஒரு வகுப்பு. சனியும் ஞாயிறும் காலையில் வேறொரு வகுப்பு. இரவு பத்தேகால் வரை நானே உட்கார்ந்து கணக்குச் செய்விப்பேன். விடிய நாலே முக்காலுக்கு மனைவி எழுப்புவார். ஆறரை மணித்தியால உறக்கம். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணித்தியால உறக்கம் வேண்டுமென்று அமெரிக்க உறக்க மருத்துவ அறிஞர்கள் 2016இல் வகுத்துரைத்தார்கள். இதனை நான் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவன்!

இந்தப் பரீட்சையின் வரலாற்றையும் அன்று நினைத்துக்கொண்டேன். இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்த காலத்தில், சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் நாட்டுப்புறங்களில் மத்திய கல்லூரிகளை நிறுவி, வறிய வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளைகள் அவற்றிற் படிக்க ஐந்தாம் வகுப்பிற் பரீட்சை மூலம் உதவி வழங்கினார். ஏழைப் பிள்ளைக்குத் திறந்த கதவு அது. இன்று வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் அதே கதவில் நெரிபடுகிறது. 2023ஆம் ஆண்டு 3 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதினர். வெட்டுப்புள்ளியைக் கடந்தவர் ஏறக்குறைய 50,000 பேர். எஞ்சியவர்கள் அனைவரும் மூடர்களா? பத்து வயதில் இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. இதைக்கொண்டு ஒரு பிள்ளையை மட்டுமன்றி அதன் தாயையும் அளக்கத் தொடங்கிவிட்டோம்.

நாங்கள் சனி ஞாயிறு வகுப்பை நிறுத்தினோம். இரவு எட்டரைக்குப் புத்தகத்தை மூடினோம். மகள் வெட்டுப்புள்ளிக்கு ஒன்பது புள்ளி குறைவாகப் பெற்றாள். வகுப்பை நிறுத்தாமல் விட்டிருந்தால் அந்த ஒன்பதும் வந்திருக்குமோ என்று மனைவி இன்றும் சிலவேளை கேட்பதுண்டு. என்னிடம் விடையில்லை. ஆனால் மூன்றாம் கிழமை கிணற்றடியிற் பாட்டுக் கேட்டது. வேலிக்கு அப்பால் ஆச்சி ஒருமுறை இருமினார்.

அம்மையாருக்கு இப்போது பதில் சொல்கிறேன். தாங்கள் தலையிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளை தாள்களைத் தங்கள் விறகுக்குள் வைத்தபோதே தங்களைத் தலையிடச் செய்துவிட்டான். எப்படி என்பதுதான் கேள்வி.

முதலிற் பேசவேண்டியது அவனோடு. தனியே கண்டால், தாள்களைக் கண்டதாகச் சொல்லுங்கள். ஏசவேண்டாம். அவை பத்திரமாக இருக்கின்றன, ஆனால் என்றைக்கும் அங்கே இருக்க முடியாது என்று சொல்லுங்கள். அம்மாவிடம் பேசத் தாங்கள் துணை வருவதாகக் கூறி, எந்த நாள் என்பதை அவனையே சொல்ல விடுங்கள். அவனுக்குத் தெரியாமல் தாயிடம் கொடுத்தால், அடுத்த தாளை அவன் தங்கள் கொட்டிலில் வைக்கமாட்டான். தங்களுக்கும் தெரியாத இடத்தில் வைப்பான். இந்த வயதில் ஒரு பிள்ளைக்கு நம்பிக்கையான பெரியவர் ஒருவராவது அயலில் இருப்பது பெரிய காரியம்.

பின்னர் தாயிடம் போங்கள். கணவர் வேலைக்குப் போயிருக்கும் பகல் வேளையில், கைவேலை ஓய்ந்த நேரமாகப் பார்த்து, படலையால் போங்கள். வேலிக்கு மேலால் நின்று சொல்லும் சொல் மூன்றாம் வளவுக்கும் கேட்கும். புள்ளியிலே பேச்சைத் தொடங்கவேண்டாம். "தம்பி மெலிந்துவிட்டான், கண் உள்ளே போய்விட்டது" என்று, தாங்கள் கண்டதை மாத்திரம் சொல்லுங்கள். இரவிற் கேட்ட குரலைச் சொன்னால் அந்த அம்மாள் வெட்கப்படுவார். வெட்கம் கோபமாக மாற அதிக நேரம் எடுக்காது. வேறெந்தப் பிள்ளையின் பெயரும் வாயில் வரக்கூடாது. தங்கள் பிள்ளைகளில் யாராவது எப்போதாவது 38 புள்ளி எடுத்திருந்தால், அதனைச் சொல்லத் தயங்கவேண்டாம். அந்தத் தாயும் பயந்துபோய்த்தான் இருக்கிறார் என்பது என் அபிப்பிராயம். தாய்மார் கூடும் வட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு மாதிரிப் பரீட்சைக்கும் புள்ளிகள் வந்து விழுகின்றன. வெளிநாட்டிலிருந்து மைத்துனி அழைத்து "மகன் எப்படி?" என்று கேட்கிறார். அடிக்கும் கையின் பின்னே இவ்வளவு பேர் நிற்கிறார்கள். தாள்களைக் கொடுக்கும் முன், இவற்றுக்காக அவனை அடிப்பதில்லை என்று ஒரு சொல் வாங்கிக்கொள்ளுங்கள். தங்கள் வயதுக்கு அந்த உரிமை உண்டு.

அடியின் ஓசை கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இதிற் பொறுத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன். மறுபடி கேட்டால், அந்த நேரமே படலையில் நின்று கூப்பிடுங்கள். சீனி கேளுங்கள்; நெருப்புப்பெட்டி கேளுங்கள். எங்கள் தாய்மார் அறிந்திருந்த உபாயம் இது: வாசலில் ஒருவர் வந்து நின்றால் ஓங்கிய கை பெரும்பாலும் இறங்கிவிடும். கடன் கேட்க வந்தவரோடு ஒருவரும் சண்டைபிடிப்பதில்லை. பாடசாலைகளில் உடற்றண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விடுத்தது. வீட்டுக்குள் அத்தகைய சுற்றறிக்கை நுழைவதில்லை, அயலவர்தான் நுழையவேண்டும். பிள்ளையின் உடலிற் காயத்தைக் கண்டால், அல்லது அடி ஓயவில்லையென்றால், உறவு முறியுமே என்று பார்த்திருக்கவேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் இரவு பகல் இயங்குவது. பிரதேச செயலகத்திற் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்.

பேசிவிட்டு வந்தபின், என்ன நடந்ததென்று நாள்தோறும் விசாரிக்கப் போகவேண்டாம். பொட்டை அடைக்கவும் வேண்டாம்.

காலை உணவு அடுத்த ஞாயிறு தொடரும். அம்மையார் மீண்டும் எழுதினால் மகிழ்வேன். பையன் பரீட்சையில் எத்தனை புள்ளி எடுத்தான் என்பதை மட்டும் எழுதவேண்டியதில்லை.